சரக்கு மணி

மலை மேல் நிலையம்
மார்ச் 2

அன்பு மகள் வாயாடிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் மோட்டாரும் நலம். அம்மாவும் நலம் என்று எழுதச் சொல்லிப் படுக்கையிலிருந்தே மிரட்டுகிறாள். அவள் பேச்சைக் கேட்டுப் பொய் எழுத எனக்கு மனம் வரவில்லை.

குவார்ட்டர்ஸ் படிக்கட்டில் வழுக்கி விழுந்தாள், சுளுக்கு என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். சுளுக்கு இல்லையாம். கம்பெனி டாக்டர் நேற்று மேலே வந்து பார்த்தார். இடுப்பு எலும்பு விட்டுப்போயிருக்கிறது, கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். ரோடு இல்லாத மலை. இறங்குவதற்குக் கம்பி ஒன்றுதான் வழி. ரோப்கார் பெட்டிக்குள் ஸ்ட்ரெச்சர் நுழையாது. உள்ளே இருக்கைகளைக் கழற்றினால்தான் நுழையும். சரக்குத் தட்டில் படுக்கவைத்து இறக்கலாம் என்றால், அது நாலு பக்கமும் திறந்த தட்டு, காற்றில் ஊஞ்சலாடும். டாக்டர் கூடவே கூடாது என்கிறார்.

மேனேஜரிடம் போய் நின்றேன். "சீசன்ல ஒரு பெட்டி குறைஞ்சாக்கூட மேலிடத்துக்கு நான் பதில் சொல்லணும் பெரியவரே. மே மாசம் முடியட்டும், நானே கூட நின்னு இறக்கி விடறேன்" என்றார். நல்ல மனிதர்தான். மே 31 எனக்கும் வேலையில் கடைசி நாள். நாங்கள் இருவரும் ஒன்றாகவே இறங்கிவிடலாம் என்று நினைக்கிறேன்.

உனக்கு ஒரு நல்ல செய்தி. கீழ் நிலையத்தில் லிப்ட் வந்துவிட்டது. சாய்தளம், அகலக் கதவு, சக்கர நாற்காலிப் படம் போட்ட நீலப் பலகை எல்லாம் வைத்திருக்கிறார்கள். அந்தப் பழைய படிக்கட்டால்தானே விபத்துக்குப் பிறகு மூன்று வருடமாக நீ மேலே வர முடியாமல் போனது.

அம்மா சொல்கிறாள்: "வாயாடிகிட்ட சொல்லுங்க, நான் இங்க ராணி மாதிரி படுத்திருக்கேன். உங்கப்பா சமைக்கிறாரு. உப்பு எது, சர்க்கரை எதுன்னு அவருக்கு இன்னும் பிடிபடலை."

அன்புடன்
அப்பா


மார்ச் 8

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் கத்தலாம் என்றால் மேலே டவர் கிடையாது. இருந்தாலும் பயனில்லை, உங்கள் காதை மோட்டார் தின்று பல வருடம் ஆகிறது. அதனால் காகிதத்திலேயே கத்துகிறேன்.

இடுப்பு உடைந்தவளை மூன்று மாதம் படுக்கவைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நான் படுத்திருக்கிறேன். முதுகு புண்ணாகும். நெஞ்சில் சளி கட்டும். உங்கள் மேனேஜர் நல்ல மனிதர் என்றால் நாலு போல்ட்டைக் கழற்றச் சொல்லட்டும். ஊரே மலையைப் பார்த்து செல்பி எடுக்கிறது, ஒரு பெட்டி குறைந்தால் மலை ஓடியா போய்விடும்?

விபத்துக்குப் பிறகு ஒரு வருடம் அம்மா இங்கே என்னோடு இருந்து என் பீ, மூத்திரம் அள்ளினாள். ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. திட்டுவாள், அது வேறு. "உன் மூணு வயசுலயே இந்த வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சேன்டி, பாக்கி வெச்சிருக்கியே" என்பாள். அவளை இப்போது நான் பார்த்துக்கொள்ள வேண்டும். என் வீட்டு வாசலில் படி இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டில் போட இடம் இருக்கிறது. இறக்கி அனுப்புங்கள்.

நீங்கள் சொன்ன நீலப் பலகையும், வாசலில் தொங்கும் 'எல்லோருக்குமான மலை' பேனரும் எங்கள் ஃபிளெக்ஸ் கடையில்தான் அடித்தது. டிசைன் நான்தான். "உன்னை விட்டா இதை யாரும்மா பொருத்தமா போடுவாங்க" என்று முதலாளி வழிந்தார். போட்டேன். சக்கரத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டேன்.

அவளை இறக்க முடியாதென்றால் நான் ஏறி வருகிறேன். வந்து மேனேஜர் அறை வாசலில் உட்காருகிறேன். எழுந்து போக மாட்டேன், அதற்கு நான் கியாரண்டி.

உங்கள்
வாயாடி


மலை மேல் நிலையம்
மார்ச் 15

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். 'கியாரண்டி' இடத்தில் சிரித்துவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நீ கோபப்படுவதில் தப்பில்லை. ஆனால் இங்கே இருக்கிற நிலைமையையும் நீ புரிந்துகொள்ள வேண்டும். கம்பி பகலில் நிற்கக் கூடாது என்பது சட்டம். நின்றால் நடுவானில் தொங்குகிறவர்கள் அலறுவார்கள், படம் பிடித்துப் போடுவார்கள், மேனேஜர் என்னைக் கூப்பிட்டு நிற்கவைப்பார். போன வருடம் சீசன் முழுவதும் என் ஷிப்டில் கம்பி ஒரு தடவைகூட நிற்கவில்லை என்று கேடயம் கொடுத்தார்கள். அம்மா அதன்மேல் மாத்திரைகளை வைத்திருக்கிறாள். ஓய்வுப் பணத்துக்கு மேனேஜர் கையெழுத்து வேண்டும். போகிற நேரத்தில் ஒரு கரும்புள்ளி வேண்டாம் என்று பார்க்கிறேன்.

அம்மாவுக்கு ராத்திரியில் இருமல். தலையணையை உயர்த்தி வைத்தால் கொஞ்சம் அடங்குகிறது. கூட்டம் குறையட்டும், ஜூனில் நீ நிதானமாக வரலாம்.

அம்மா சொல்கிறாள்: "ஜூன்ல நாம இங்க இருக்கவே மாட்டோமே, யாரைப் பார்க்க வரச் சொல்றீங்க? இப்ப வரச் சொல்லுங்க. பார்க்கணும் போல இருக்கு."

அன்புடன்
அப்பா


மார்ச் 24

அப்பாவுக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை நான் வந்திருந்தேன்.

சொல்லாமல்தான் வந்தேன். திடீரென்று அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் போய் "ராணியம்மா, எழுந்திரிங்க" என்று சொல்ல வேண்டும் என்று ஆசை. ஆட்டோக்காரர் நாற்காலியை மடக்கிப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து இறக்கிவிட்டார்.

கீழ் நிலையம் அருமையாக இருக்கிறது. சாய்தளம் வழவழவென்று இருக்கிறது. லிப்ட்டில் ஆள் உயரக் கண்ணாடி, 'கதவு திறக்கிறது' என்று ஒரு பெண் கொஞ்சுகிறாள். திறந்ததும் நேரே நடைமேடை. எல்லாம் அந்த நடைமேடை வரைக்கும்தான் அப்பா. நாற்காலிக்காரிக்கு நிறுத்துவார்கள் என்று நம்பி வந்தேன், பெட்டி நிற்கவில்லை. ஊர்ந்துகொண்டே உள்ளே வருகிறது, கதவு திறக்கிறது, நாலு பேர் தாவுகிறார்கள், ஊர்ந்துகொண்டே போய்விடுகிறது. காலே இல்லாதவளுக்கு லிப்ட்டும் சாய்தளமும் போட்டு அழைத்து வந்து, கடைசியில் "ஓடி ஏறு" என்கிறார்கள்.

அங்கே ஒருவர் இருந்தார். கொக்கி என்று கூப்பிடுகிறார்கள், புதிதாகச் சேர்ந்த ஒப்பந்த ஆள். நிறுத்தச் சொன்னேன். "நிறுத்தறது என் கையில இல்லக்கா, மேல கேட்கணும்" என்று சுவரில் இருந்த பித்தானை அழுத்தினார். என் சின்ன வயதில் கொடி ஆட்டுவார்கள், இப்போது மணி. மூன்று தடவை அடித்தார். சற்றுப் பொறுத்து மேலேயிருந்து ஒற்றை மணி வந்தது. "காத்திருக்கச் சொல்றாங்கக்கா" என்றார்.

காத்திருந்தேன். வரிசை கரைந்து, திரும்ப நிறைந்தது. மறுபடி அடித்தார். மறுபடி ஒற்றை மணி. அப்புறம் நான் எண்ணவில்லை. எப்போது அடித்தாலும் அதே ஒற்றை மணி. கொக்கிக்கே தாங்கவில்லை. "நான் வேணா தூக்கி உள்ள போட்டுடவா?" என்றார். "போடறதுக்கு நான் என்ன மூட்டையா?" என்றேன். "கோச்சுக்காதீங்கக்கா, எனக்கும் வேற வழி தெரியலை" என்று டீ வாங்கி வந்து கொடுத்தார். குடிக்கவில்லை. ஏனென்றால் சக்கர நாற்காலிப் படம் ஒட்டிய கழிப்பறையைத் திறந்தால் உள்ளே துடைப்பமும் வாளியும் நிறுத்தி வைத்திருந்தார்கள், நுழைய இடமில்லை. ஒரு அம்மாள் என் மடியில் பிஸ்கட் பாக்கெட் வைத்துவிட்டு, "முகம் லட்சணமா இருக்கு, பாவம்" என்று தன் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டே பெட்டியில் தாவினாள். ஆபீஸ் ஆள் ஒருவன் கேமராவோடு வந்து, நீலப் பலகை தெரியும்படி என்னைத் திருப்பி, "சிரிங்க மேடம்" என்றான். சிரித்தேன். முட்டாள்.

மாலையில் மூடுபனி இறங்கியது. லைனை மூடிவிட்டார்கள்.

"மேல யாரையாவது தெரியுமாக்கா?" என்று கொக்கி கேட்டார். உங்களைச் சொல்லவில்லை. ஆபரேட்டர் மகள் என்று சொல்லி ஏறினால் அந்தப் பலகைக்கு என்ன அர்த்தம்? என் கையால் செய்த பலகை. அதைக் காட்டித்தான் ஏறுவேன் என்று வீம்பாக உட்கார்ந்திருந்தேன். இப்போது நினைத்தால் என் வாயில் நானே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அந்த ஒற்றை மணியை அடித்தது யார் அப்பா? பெயர் எழுதுங்கள். புகார் கொடுக்கப் போகிறேன். இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு ஒரு வரி விடாமல் படித்துக் காட்டுங்கள். நான் பாதி வழி வந்தேன் என்றாவது அவளுக்குத் தெரியட்டும்.

வாயாடி


மலை மேல் நிலையம்
ஏப்ரல் 1

அன்பு மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கீழே வெயில் தாங்கவில்லை, கடையில் மின்விசிறி ஓடவில்லை என்று நீ எழுதியிருந்ததைக் கேட்டு, "அங்க அவ வேகறா, இங்க நான் விறைக்கிறேன்" என்றாள்.

நீ ஒரு வார்த்தை முன்னால் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். என் பெயரையாவது சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மேலே இருக்கிறவனுக்குக் கீழே யார் நிற்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? டியூட்டி மாறி மாறி வரும். அன்று யார் என்று இப்போது சொல்வது கஷ்டம். புகார் வேண்டாம் அம்மா. யாரோ பிள்ளைகுட்டிக்காரனாக இருப்பான்.

டாக்டர் திரும்ப வந்தார். சளி நெஞ்சில் இறங்கியிருக்கிறது என்கிறார். ஊசி போடுகிறோம். சாப்பாடு குறைந்துவிட்டது.

அம்மா சொல்கிறாள்: "அவ ஏன் இன்னும் வரலை?"



அப்பா


ஏப்ரல் 5

அப்பா,

எங்கள் கடையில் மின்விசிறியே கிடையாது. பிரிண்டிங் மெஷினுக்காக ஏசி போட்டிருக்கிறார்கள். வெயிலைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை.

நான் வந்ததை அவளிடம் ஏன் மறைக்கிறீர்கள்? "ஏன் இன்னும் வரலை" என்று அவளைக் கேட்கவைத்து, அதை எனக்கே எழுதி அனுப்புகிறீர்கள். இதை எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

மேனேஜர், சட்டம், கேடயம் எல்லாவற்றையும் தூக்கி மலைக்கு அந்தப் பக்கம் வீசுங்கள். ஒரு பெட்டியின் இருக்கையைக் கழற்றுங்கள், கம்பியை நிறுத்துங்கள், அம்மாவை ஏற்றுங்கள். கீழே நான் ஆம்புலன்ஸோடு நிற்கிறேன். வேலையை விட்டுத் தூக்கினால் தூக்கட்டும். நான் சம்பாதிக்கிறேன், மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிடலாம்.

அன்று டியூட்டியில் யார்?

மகள்


ஏப்ரல் 9

மகளுக்கு,

விடியும்போது அம்மா போய்விட்டாள். கஷ்டப்படவில்லை.

இங்கே அடக்கம் செய்ய இடமில்லை, பாறை. நாளைக் காலை இறக்குகிறோம். கீழே இரு. இந்தத் துண்டுச் சீட்டைக் கொண்டு வருகிற ஆளிடம் வேறு எதுவும் கேட்காதே, அவனுக்கு ஒன்றும் தெரியாது.

அப்பா


ஏப்ரல் 20

அப்பாவுக்கு,

அடக்கம் முடிந்த அன்று சாயங்காலமே டியூட்டிக்கு ஏறிவிட்டீர்கள். எதிரெதிரே உட்கார்ந்திருந்தபோது நான் ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். யோசிக்கவில்லை என்றாலும் எழுதுகிறேன்.

அன்று காலை நான் சீக்கிரமே கீழ் நிலையத்துக்கு வந்துவிட்டேன். அதே லிப்ட், அதே கொஞ்சல். நடைமேடையில் டூரிஸ்ட் வரிசை நின்றது. கொக்கிக்கு அப்போதுதான் நான் யார் என்று தெரிந்தது. "அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாக்கா" என்று தலையில் அடித்துக்கொண்டார். மாற்று ஆள் வர நேரமாகும், அதனால் அப்பாவே மோட்டாரில் உட்கார்ந்து இறக்குகிறார், மாற்று ஆள் வந்ததும் அடுத்த பெட்டியில் அவர் வருவார் என்று சொன்னார்.

அம்மா சரக்குத் தட்டில் வந்தாள். உயிரோடு இருந்தபோது கூடாது என்று சொன்ன அதே திறந்த தட்டில். போர்வையின் முனை காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. தட்டு உள்ளே நுழைந்ததும் கொக்கி ஓடிப்போய்ப் பித்தானை அழுத்தினார்.

மூன்று மணி.

உடனே, அவர் கையை எடுப்பதற்குள், மேலேயிருந்து இரண்டு மணி. கம்பி நின்றது. மலை முழுக்கப் பெட்டிகள் அப்படியே தொங்கின. யாரும் அலறவில்லை. வரிசையில் இருந்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

"இந்த மூணு மணி என்ன அண்ணா?" என்று கேட்டேன்.

"சரக்கு மணிக்கா. தட்டு இறக்க, ஏத்த, கம்பியை நிறுத்தச் சொல்லி அடிக்கிறது."

"அன்னைக்கு எனக்கும் இதைத்தானே அடிச்சீங்க?"

"ஆளுக்குன்னு தனியா மணி வைக்கலையேக்கா. நிறுத்தணும்னா இது ஒண்ணுதான். மேல சரக்குன்னுதான் நினைச்சிருப்பாரு. சீசன்ல சரக்கு சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கணும்னு சட்டம்." அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அன்னைக்கு முழுக்கப் பெரியவர்தாங்கக்கா மேல."

அதற்குள் கம்பி மறுபடி ஓட, மாற்று ஆளிடம் மோட்டாரை விட்டுவிட்டு நீங்கள் வந்து இறங்கிவிட்டீர்கள். ஊர்ந்துகொண்டிருந்த பெட்டியிலிருந்து, இந்த வயதிலும், பழக்கப்பட்ட கால்களோடு, அழகாக.

தெரியாமல் செய்தீர்கள், ஒப்புக்கொள்கிறேன். என் கடிதத்தைப் படித்த நிமிடமே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அம்மா எத்தனை நாள் உயிரோடு இருந்தாள்! அந்த நாட்களில் ஒரு நாள் நிறுத்தியிருக்கலாம். செத்தவளுக்கு யாரையும் கேட்காமல் நிறுத்தினீர்களே, உங்களை யார் தூக்கில் போட்டார்கள்?

மகள்


மலை மேல் நிலையம்
மே 6

மகளுக்கு,

பல நாள் எழுத உட்கார்ந்து எழுந்தேன்.

நீ எழுதியதில் தப்பு எதுவும் இல்லை. நீ கேட்காத ஒன்றும் இருக்கிறது. நீ கீழே காத்திருந்த அன்று மத்தியானம் சாப்பாடு எடுக்கக் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். அம்மாவின் ஜன்னலுக்கு மணிச் சத்தம் நன்றாகக் கேட்கும். "என்னங்க, இன்னைக்கு சரக்கு மணி விடாம அடிக்குது, யாருக்கு அவ்வளவு அவசரம்?" என்று கேட்டாள். "எவனோ பிரிட்ஜ் ஏத்தறான் போல. கிடக்கட்டும்" என்றேன். "பாவம், எவ்வளவு நேரமா நிக்கிறானோ, ஏத்தி விட்டுடுங்களேன்" என்றாள். நான் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

உன் கடிதம் வந்தபோது இதைத்தான் அவளிடம் சொல்ல முடியவில்லை. மின்விசிறி என்று எதையோ படித்தேன்.

அவளுக்காகக் கம்பியை நிறுத்தியதற்கு மேனேஜர் கூப்பிட்டார். சாவு என்பதால் இந்த ஒரு தடவை விடுகிறேன், இன்னொரு தடவை நின்றால் ஓய்வுப் பணத்தில் கைவைக்க வேண்டியிருக்கும் என்றார். நாற்காலியில் வருகிறவர்களுக்குத் தனியாக நாலு மணி வைக்கலாமே என்று கேட்டுப் பார்த்தேன். "அப்புறம் குருடனுக்கு அஞ்சு, செவிடனுக்கு ஆறா?" என்று சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நான் செவிடன், பாதிதான் கேட்டது.

மே 31 சனிக்கிழமை. மறுநாள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். எனக்கு வேறு இடம் இல்லை. அம்மாவுக்கு என்று சொன்னாயே, அந்தக் கட்டிலில் நான் வந்து கிடக்கலாமா? வேண்டாம் என்றாலும் கோபப்பட மாட்டேன். பதில் மட்டும் போடு.

அப்பா


மே 14

அப்பாவுக்கு,

புகாருக்கு உங்கள் ஆபீஸிலிருந்து பதில் வந்துவிட்டது. 'குறிப்பிட்ட நாளில் பயணி எவரும் மறுக்கப்படவில்லை. சரக்கு ஒன்று மட்டும் விதிப்படி காத்திருக்க வைக்கப்பட்டது.' நேற்று அதே ஆபீஸிலிருந்து எங்கள் கடைக்குப் புது பேனர் ஆர்டர். 'எல்லோருக்குமான மலை, வெற்றிகரமான நூறாவது நாள்.' அனுப்பிய படத்தில் நீலப் பலகைக்குப் பக்கத்தில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். மடியில் பிஸ்கட் பாக்கெட். முதலாளி என் முகத்தைப் பார்க்காமல், "வேற யாரையாவது செய்யச் சொல்லட்டுமா?" என்றார். வேண்டாம் என்று நானே செய்து கொடுத்தேன். நீங்கள் இறங்கும்போது வாசலில் பார்க்கலாம்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். கட்டில் அப்படியே கிடக்கிறது. வாங்க என்று எழுத உட்கார்ந்தால் அந்த பிரிட்ஜ் ஞாபகம் வருகிறது. வராதீர்கள் என்று எழுதப் போனால், உப்புக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியாத ஆள் எங்கே போவார் என்று அம்மா கேட்கிறாள். அதனால் பதிலை நான் எழுதப் போவதில்லை.

31ஆம் தேதி சனிக்கிழமை, காலைக் கூட்டத்தில் நான் கீழ் நிலையத்துக்கு வருவேன். அம்மா கிடந்த அறையை, நீங்கள் காலி செய்வதற்குள் ஒரு தடவை பார்க்க வேண்டும். யார் மகள் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். கொக்கியையும் சொல்ல விட மாட்டேன். என்னைப் போல இன்னும் இரண்டு பேர் என்னோடு வருவார்கள். ஒருவர் ஊன்றுகோல்காரர், ஒருத்தி என்னைப் போல நாற்காலி. அவர்களுக்கு மேலே அப்பா கிடையாது.

கொக்கி மூன்று மணி அடிப்பார். மணிப் பித்தானுக்குப் பக்கத்திலேயே இருங்கள்.

மேலேயிருந்து நீங்கள் என்ன அடிக்கிறீர்களோ, அதுதான் கட்டிலுக்கும் பதில்.

உங்கள்
மகள்